கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு பச்சைத் தோட்டம்



தோட்டத்து வீடுகளிலும் சரி, பகாவ் பட்டணத்து வீடுகளிலும் சரி, மீன் தொட்டி வைப்பது இப்போது சாதாரணமாகிவிட்டது. பிள்ளைகள் ஆசைப்பட்டுக் கேட்கிறார்கள். பெற்றோரும் வாங்கிக் கொடுக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் தொட்டியில் நட்ட செடி இரண்டு மூன்று வாரத்தில் அழுகிவிடுகிறது. தண்ணீர் நாறுகிறது, மீன் சாகிறது. கடைசியில் தொட்டி கொல்லைப்புறத்துக்குப் போய், மழைநீர் தேங்கி, கொசுவுக்கு வீடாகிறது. காசும் போய், பிள்ளையின் ஆர்வமும் போய், டெங்கிக் காய்ச்சலும் வந்து சேர்ந்தால் அது என்ன பொழுதுபோக்கு? ஆகவே இம்முறை நீர்ச்செடிகளைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். நீருக்குள் வைத்து விற்பதெல்லாம் நீர்ச்செடி ஆகாது. 'அதிர்ஷ்ட மூங்கில்' என்று சொல்கிறார்களே, அதையும் அதன் இனத்துச் செடிகளையும் சில கடைகளில் மீன் தொட்டிக்குள் வைத்து விற்பதுண்டு. அது மூங்கிலும் அல்ல, நீர்ச்செடியும் அல்ல. வேர் மட்டும் தண்ணீரில் இருந்தால் வாழும். முழுதும் மூழ்கினால் மெல்ல அழுகும். குற்றம் பிள்ளையின் கையில் இல்லை, வாங்கிய செடியில்தான்.

அப்படியானால் எதை வாங்குவது? புதிதாகத் தொடங்குவோருக்கு மூன்று செடிகள் போதும்.

ஒன்று, வாலிஸ்னேரியா. நாடாப்போல் நீண்ட இலை உடையது. தொட்டியின் பின்புறம் நட வேண்டும். வேரும் இலையும் சேரும் குருத்துப் பகுதி மணலுக்கு மேலே தெரியட்டும், புதைத்தால் அழுகும்.

இரண்டு, ஜாவா பெரணி. நம் நாட்டு ஓடைகளில் பாறையைப் பற்றிக்கொண்டு வளர்வது. இதை மணலில் புதைக்கவே கூடாது. ஒரு கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டிவிட்டால் போதும், வேர் தானே பற்றிக்கொள்ளும். வெளிச்சம் குறைந்தாலும் தாங்கும்.

மூன்றாவது, கிரிப்டோகொரைன். பெயர் வாயில் நுழையாவிட்டாலும், இது நமக்கு அந்நியமல்ல. கடைகளில் பெரிதும் கிடைக்கும் வெண்ட்டீ என்ற வகை இலங்கைத் தீவுக்கே உரியது. தமிழ்நாட்டு நாட்டு மருந்துக் கடைகளில் 'நாட்டு அதிவிடயம்' என்று விற்கும் கிழங்கும் இதே குடும்பத்துச் செடியினுடையதுதான். நம் மலேசியக் காட்டோடைகளிலும் இதன் பல வகைகள் நிழலில் வளர்கின்றன.

இந்தச் செடியை வாங்கியவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். இடம் மாறியதும் இலைகளெல்லாம் கரைந்து கூழாகிவிடும். செத்துவிட்டது என்று பிடுங்கி எறியாதீர்கள்! அழுகிய இலையை மட்டும் கிள்ளி எடுங்கள். வேர் உயிரோடுதான் இருக்கும். சில வாரத்தில் புதுத் தளிர் விடும். ஊர் மாறிய பிள்ளை பள்ளியில் பழக நாள் எடுப்பதில்லையா? அதுபோலத்தான்.

இனித் தொட்டி. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் உள்ள தொட்டி ஏறக்குறைய 56 லிட்டர் கொள்ளும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. மணலும் கண்ணாடியும் சேர்ந்தால் எடை இன்னும் கூடும். ஆகவே ஆட்டம் காணும் பலகையில் வைக்காதீர்கள். ஆற்று மணலைத் தெளியும் வரை கழுவிப் போடுங்கள். செம்பனைக்கும் பால்மரத்துக்கும் போடும் உரத்தை ஒரு சிட்டிகைகூடத் தொட்டியில் போடக்கூடாது, மீன் செத்துவிடும். மருந்து அடித்த காட்டு மண்ணும் ஆகாது. மீன் கழிவே செடிக்கு நல்ல உரம்.

வெளிச்சம் நாளொன்றுக்கு 8 மணி நேரம் போதும். நேர் வெயில் பட்டால் பாசி மண்டும். குழாய்த் தண்ணீரில் குளோரின் வாடை இருந்தால், வாளியில் ஓரிரவு திறந்து வைத்த பின் ஊற்றுங்கள். வாரம் ஒருமுறை கால்பங்கு நீரை மாற்றினால் நல்லது. செடி பகலில்தான் பிராணவாயு தரும்; இரவில் அதுவும் மூச்சு வாங்கும். எனவே செடி இருக்கிறதே என்று மீனை அடைக்காதீர்கள். அதே சமயம், மீனே இல்லாமல் செடியை மட்டும் வைப்பதும் ஆபத்து. நாலைந்து கப்பி மீன்கள் இருந்தால் கொசுப்புழுவைத் தின்றுவிடும். கொசு பெருக இடம் கொடுத்தால் 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி அபராதம் உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

கடைசியாக, பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் பக்கத்தில்தான் பகாங்கின் பெரா ஏரி இருக்கிறது. ராம்சார் உடன்படிக்கையின் கீழ் 1994-இல் சேர்க்கப்பட்ட, மலேசியாவின் முதல் ஈரநிலம் அது. கிரிப்டோகொரைன் வகைகள் அங்கும் உண்டு. உல்லாசப் பயணம் போகும்போது பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பிடுங்கி வர வேண்டாம். செமலாய் மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் இடம் அது.

அதுபோல, வெட்டிக் கழித்த செடியை அல்லூரிலோ ஆற்றிலோ வீசாதீர்கள். பகாங்கின் சினி ஏரியைப் பாருங்கள். தென் அமெரிக்காவிலிருந்து வந்த கபோம்பா என்னும் மீன் தொட்டிச் செடி அங்கே பரவி, நாட்டுச் செடிகளை நெருக்கிவிட்டது. நம் ஜெம்போல் வட்டாரமோ இரண்டு பெரிய ஆறுகளுக்கு இடைப்பட்டது. முற்காலத்தில் பெனாரிக்கானில் படகுகளை ஓர் ஆற்றிலிருந்து இன்னோர் ஆற்றுக்குத் தரைவழியே இழுத்துச் சென்றார்கள். ஜெம்போல் ஆற்றில் போட்டது மூவார் ஆற்றுக்குப் போகும். செர்த்திங் ஆற்றில் போட்டது பகாங் ஆற்றுக்குப் போகும். கழித்த செடியை வெயிலில் காயவைத்து, வாழை மரத்தடியில் புதைத்துவிடுங்கள். வாழைக்கு எருவாகும்.

ஒரு தொட்டியைக் காப்பாற்றப் பழகிய பிள்ளை, ஓர் ஆற்றையும் மதிக்கப் பழகும். இந்தப் பள்ளி விடுமுறையில் ஒரு செடியோடு தொடங்கிப் பாருங்கள்.