கைத்தொழிலுக்குக் கல்லூரி எதற்கு?

கல்லூரியில் கோல்ஃப் வகுப்பில் சேர்ந்தால் ஆட்டம் தேறுமா என்பது அமெரிக்க மாணவர்களுக்கு உரிய கவலை. காஞ்சிபுரத்தில் இருந்துகொண்டு அதைப் பற்றி நாம் ஏன் பேச வேண்டும் என்று கேட்கலாம். மட்டையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் தறி நாடாவை வைத்துப் பாருங்கள், கேள்வி நம் தெருவுக்கே வந்துவிடும். நெசவை வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடியுமா? "முடியாது, அது ரத்தத்தில் வர வேண்டியது" என்று ஒரே வாக்கியத்தில் தீர்ப்பெழுதுபவர்களை இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி சந்திக்கிறேன். தறிக்குழியில் ஒரு நாளும் கால் வைக்காதவர்கள் சொல்லும் இந்தத் தீர்ப்பை மறுக்கவே இக்கட்டுரை.

முதலில் கோல்ஃபையே எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு மணி நேரம் என்ற கணக்கில் பதினைந்து வாரப் பருவம் ஒன்றுக்கு முப்பது மணி நேரம் ஆகிறது. அதை இருபது மாணவர்கள் பங்கிட்டுக்கொண்டால், ஆசிரியரின் கண் ஒருவர்மேல் படுவது ஒன்றரை மணி நேரம். இதில் யாரும் வீரராகிவிட முடியாது. "வகுப்பால் பயனில்லை" என்போர் இந்தக் கணக்கைக் காட்டித்தான் வாதிடுகிறார்கள். கணக்கு சரி. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் தவறு.

ஏனென்றால் தனியே பயில்பவனுக்கு நேர்வது இன்னும் மோசமானது. வலக்கை ஆட்டக்காரர் அடித்த பந்து வலப்பக்கம் வளைந்து ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டை வீசப்படும் பாதைக்கு அதன் முகம் திறந்திருப்பதே காரணம். பழக்கமில்லாதவர் என்ன செய்கிறார்? பந்து வலப்பக்கம் போகிறதே என்று இன்னும் இடப்பக்கம் பார்த்து வீசுகிறார். பாதைக்கும் முகத்துக்கும் உள்ள கோணம் கூடுகிறது, பந்து முன்னிலும் அதிகமாக வளைகிறது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியில் ஏறத்தாழ இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம். அந்தக் கணத்தில் என்ன நடந்தது என்பதை ஆடுபவரின் கண்ணால் பார்க்க முடியாது. ஆயிரம் முறை அடித்தால் ஆயிரம் முறையும் பிழைதான் உறுதிப்படும். பயிற்சி கையை வளர்க்கும் என்பது பாதி உண்மை. பிழையையும் அது அதே அக்கறையோடு வளர்க்கும். பக்கத்தில் நின்று "முகம் திறந்திருக்கிறது" என்று சொல்லும் ஒருவர் வேண்டும். அந்த ஒருவருக்குத்தான் ஆசிரியர் என்று பெயர்.

உடனே எதிர்த்தரப்பு இந்திய உதாரணங்களை எடுத்து வீசும். 1991-இல் இந்தியன் ஓபன் போட்டியை வென்ற அலி ஷேர், தில்லியில் மட்டைப்பை சுமந்து வளர்ந்தவர். 2009-இல் அதே கோப்பையை வென்ற சின்னசாமி முனியப்பா, பெங்களூரில் அவ்வாறே தொடங்கியவர். 2008-இல் இந்தியன் மாஸ்டர்ஸ் போட்டியையும் 2016, 2017 ஆண்டுகளில் இந்தியன் ஓபனையும் வென்ற சௌராசியாவின் தந்தை கல்கத்தாவில் புல்தரைப் பராமரிப்பாளர். இவர்கள் எந்தக் கல்லூரியில் படித்தார்கள் என்று கேட்பார்கள்.

நல்ல கேள்விதான். இவர்கள் எதைப் பெற்றார்கள் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சந்தா கட்டியவர்கள் வார இறுதியில் வந்துபோன இடத்தில் இவர்கள் நாள்முழுவதும் இருந்தார்கள். நல்ல வீச்சையும் கெட்ட வீச்சையும் அருகில் நின்று பார்த்தார்கள், எந்த வீச்சுக்கு எந்த விளைவு என்று ஒப்பிட்டார்கள். பெயர்ப்பலகை இல்லாவிட்டாலும் அதுவும் ஒரு பள்ளிதான். ஆனால் அந்தப் பள்ளியில் நுழைய வறுமை ஒன்றே தகுதியாக இருந்தது. அங்கிருந்து கோப்பையோடு வெளியே வந்த நாலைந்து பேரைத்தான் நமக்குத் தெரியும். பையைச் சுமந்தபடியே முதுமையடைந்தவர்களின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. தப்பிப் பிழைத்த சிலரைக் காட்டி ஒரு கல்விமுறையைப் புகழ்வது, கரையேறியவனை மட்டும் விசாரித்துவிட்டு ஆறு ஆழமில்லை என்பதற்குச் சமம்.

இனி நம் தறிக்கு வருவோம். காஞ்சிப் பட்டின் பெருமை கோர்வையில் இருக்கிறது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். மூன்று நாடாக்கள் ஓட வேண்டும், உடலும் கரையும் சேரும் இடத்தில் ஊடை இழைகள் ஒவ்வொரு வீச்சிலும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ள வேண்டும். ஒரே ஆளால் இதைச் செய்வது கடினம் என்பதால் நெய்பவருக்குப் பக்கத்தில் ஓர் உதவியாள் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளுவார். நெடுங்காலம் அந்த உதவியாள் யார்? பெரும்பாலும் ஒரு குழந்தை. "சிறு வயதிலிருந்தே தறியில் உட்கார்ந்தால்தான் கை வரும்" என்று நாம் கவித்துவமாகச் சொல்லும் வாக்கியத்தின் நடைமுறைப் பொருள் இதுதான்.

இது நான் கட்டிய கதை இல்லை. இந்தியப் பட்டுத் தொழிலில் கொத்தடிமைப்பட்ட சிறுவர்களைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்குப் பிள்ளையின் உழைப்பு ஈடாகும் ஏற்பாட்டை நாம் குலக்கல்வி என்றும் மரபு என்றும் அழகான பெயர்களில் அழைத்துவந்தோம். 1976-இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது, 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. பதினான்கு வயதுக்குட்பட்டவர்களை எந்த வேலையிலும் அமர்த்தக்கூடாது என்று பிந்தைய சட்டத்தை 2016-இல் திருத்தியபோதும், பள்ளி நேரம் போகக் குடும்பத் தொழிலில் உதவலாம் என்று ஒரு வாசல் திறந்துவைக்கப்பட்டது. அந்த வாசலுக்கு நியாயம் கற்பிக்கச் சொல்லப்பட்டவற்றுள் ஒன்று, பரம்பரைத் திறன் அழிந்துவிடக்கூடாது என்பது. வகுப்பில் நெசவு வராது என்ற அழகியல் கருத்து எங்கே போய் வேலை செய்கிறது என்று பாருங்கள்.

1909-இல் இதே ஊரில் நெசவாளர் குடும்பமொன்றில் பிறந்த அண்ணாதுரையை நினைத்துக்கொள்ளலாம். அவரைத் தறிக்குழியில் உட்காரவைக்காமல் பள்ளிக்கு அனுப்பினார்கள். அதனால் காஞ்சிப் பட்டுக்கு நட்டம் என்று சொல்லும் துணிவு எந்த மரபுக் காவலருக்கு உண்டு?

மறுபக்கத்தையும் சும்மா விடுவதற்கில்லை. சில வாரப் பயிற்சி, நிறைவு நாளில் ஒரு சான்றிதழ், மேடையில் ஒரு புகைப்படம் என்று நடக்கும் திறன் மேம்பாட்டு விழாக்கள் மேலே சொன்ன முப்பது மணி நேர கோல்ஃப் வகுப்பின் உடன்பிறப்புகள். பழைய பாவின் இழைகளோடு முந்தானைக்குரிய வேறு நிறப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சேர்க்கும் வேலை ஒன்று போதும், சான்றிதழின் ஆழத்தைக் காட்டிவிட. ஆயிரக்கணக்கான இழைகள், ஒன்று தவறினாலும் துணியில் தெரியும். இதைப் படம் போட்டு விளக்க அரைமணி நேரம் ஆகலாம். கைக்குப் பழகப் பல மாதங்கள் வேண்டும். பாடம் சொல்லிவிட்டதாலேயே கற்றுக்கொடுத்துவிட்டோம் என்று நம்பும் நிர்வாகமும், பாடமே வேண்டாம் என்னும் மரபுவாதியும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். இருவரும் நல்ல ஆசிரியர் ஒருவரை நியமிக்கும் செலவிலிருந்து தப்பிக்கிறார்கள்.

நல்ல வகுப்பு எப்படி இருக்கும் என்று அறிய வெகுதொலைவு போக வேண்டாம். 1957-இல் மாமல்லபுரத்தில் தொடங்கப்பட்ட அரசு சிற்பக் கல்லூரியின் முதல் தலைவர் வைத்தியநாத ஸ்தபதி. அவருக்குப்பின் அப்பொறுப்பை ஏற்ற அவர் மகன் கணபதி ஸ்தபதியே, கன்னியாகுமரியில் 2000-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட 133 அடி வள்ளுவர் சிலையை உருவாக்கியவர். உளி பிடித்த கையே அங்கே ஆசிரியரின் கையாகவும் இருந்தது. அதைவிட முக்கியமாக, ஸ்தபதி வீட்டில் பிறக்காத ஒருவனும் விண்ணப்பம் எழுதி அந்த வாசலில் நிற்க முடிந்தது.

கச்சில் 2005-இல் தொடங்கிய கலா ரக்ஷா வித்யாலயா இன்னொரு வழி காட்டியது. தொழில் தெரிந்த நெசவாளர்களுக்கும் துணியில் வேலை செய்யும் பிற கைவினைஞர்களுக்கும் அங்கே வடிவமைப்பு கற்பித்தார்கள். ஓராண்டில் ஆறு தவணைகள், தவணைக்கு இரண்டு வாரம். இடையில் வீட்டுக்குத் திரும்பி, கற்றதைத் தன் வேலையில் சோதித்துப் பார்த்து மீண்டும் வரலாம். களமும் வகுப்பும் மாறிமாறி வரும் இந்த ஏற்பாட்டில், வகுப்பால் ஆட்டம் தேறுமா என்ற கேள்விக்கு விடை இருக்கிறது. ஆடிக்கொண்டிருப்பவனுக்கு வகுப்பு உதவும். வகுப்பில் மட்டும் ஆடுபவனுக்கு உதவாது.

இலக்கிய வாசகர்களுக்கு இதில் புதுமை இருக்கக்கூடாது. கவிதையைக் கற்பிக்க முடியாது என்று நாம் சொல்லிக்கொண்டே, மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் உ.வே.சாமிநாதையர் பாடங்கேட்ட கதையை உருகி உருகிப் படிக்கிறோம். அங்கே நடந்தது என்ன? நாள் தவறாத பாடம், வரிசை முறை, உடனுக்குடன் திருத்தம். பிள்ளையவர்கள் 1876-இல் மறையும்வரை அது தொடர்ந்தது. அதைவிடக் கடுமையான வகுப்பு இன்றைய கல்லூரிகளில் இல்லை. நான் யாப்பு நடத்துகிறேன். என் வகுப்பிலிருந்து கவிஞர்கள் வருவார்கள் என்று யாருக்கும் வாக்குத் தரமாட்டேன். ஆனால் தளை தட்டும் இடத்தைத் தானே கேட்கும் காது வருவதைப் பார்த்திருக்கிறேன். பிழை காதில் விழாதவனுக்கு எத்தனை ஆண்டுப் பயிற்சியும் வீண்.

ஆகவே காஞ்சிபுரத்துக்கு வேண்டியது வகுப்பா தறியா என்ற பட்டிமன்றம் அல்ல. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைப் பேருந்துகளில் ஏறிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை, மாதச் சம்பளம் வாங்கும் எவருக்கும் இல்லை. காலியாகும் தறியில் அடுத்து யார் உட்காரப்போகிறார்கள்? பிறப்பால் வருபவர்கள் குறைந்துவிட்டால், விரும்பி வருபவர்களுக்கு வாசல் வேண்டும். பதினெட்டு வயது நிரம்பி, தானாகத் தேர்ந்து, உதவித்தொகையோடு ஆண்டுக்கணக்கில் கற்கும் வாசல் அது.

அந்த வகுப்பில் யார் கற்பிப்பது? பட்டம் இல்லாத துறை வல்லுநர்களையும் பேராசிரியராக அமர்த்தலாம் என்று பல்கலைக்கழக மானியக்குழு 2022-இல் வழிமுறை வகுத்தது. நாற்பதாண்டு கோர்வை நெய்த ஒருவரை என் ஊர்க் கல்லூரியொன்றில் அந்த நாற்காலியில் உட்காரவைத்து, எனக்குத் தரும் ஊதியத்தை அவருக்கும் தரட்டும். வகுப்பில் கை தேறுமா என்ற கேள்வியை அதன்பிறகு கேட்போம். அதுவரை அந்தக் கேள்வியைக் கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: உங்கள் பிள்ளையை எத்தனை வயதில் தறியில் உட்காரவைத்தீர்கள்?