சப்ஜெயில்களின் கதி

சேலம், நாமக்கல் ஜில்லாக்களில் உள்ள பழைய சப்ஜெயில்களை இனி என்ன செய்வது என்னும் கேள்வி மராமத்து இலாகாவை மட்டும் சேர்ந்ததன்று. ஓடு மாற்றுவதா, சுவர் எழுப்புவதா, மனையை வேறு காரியத்துக்குக் கொடுத்துவிடுவதா என்று எஞ்சினீயர்கள் கலந்து பேசுவதோடு அது முடிந்துவிடாது. குற்றவாளி என்று இன்னும் எந்தக் கோர்ட்டும் தீர்ப்புச் சொல்லாத ஒரு மனிதனைச் சர்க்கார் எங்கே வைத்திருக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், அவனைப் பெற்றவளும் அவனுடைய வக்கீலும் போய்ப் பார்க்கக் கூடுமா என்பதே இதிலுள்ள விஷயம். இதைப் பற்றி நமது ஜில்லாவாசிகள், முக்கியமாகப் பொதுவாழ்வில் ஈடுபட்டிருப்பவர்கள், தெளிவான ஓர் அபிப்பிராயத்துக்கு வர வேண்டும். மறியல் செய்து ரிமாண்டில் போகிறவர்களுக்கு இது பிறர் காரியமுமன்று.

சப்ஜெயில் எப்படி ஏற்பட்டது என்பதை முதலில் பார்ப்போம். வெள்ளைக்கார சர்க்கார் தாலுகாவுக்கு ஒரு கச்சேரி கட்டியபோது, கஜானா, மாஜிஸ்டிரேட் கோர்ட்டு, காவலறை ஆகியவற்றைப் பெரும்பாலும் ஒரே மதிலுக்குள் அடக்கி வைத்தது. நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு, சங்ககிரி, ஓமலூர் முதலிய ஊர்களில் சப்ஜெயில்கள் தோன்றியது இந்த முறையில்தான். தண்டனை பெற்ற நெடுங்காலக் கைதிகளுக்காக 1862-ம் வருஷத்தில் சேலம் அஸ்தம்பட்டியில் மத்தியச் சிறை ஏற்பட்டது. சில்லறைத் தண்டனைக்காரர்களும் விசாரணைக் கைதிகளும் தாலுகாவிலேயே இருந்தனர். தாசில்தாரோ சப்மாஜிஸ்டிரேட்டோ சப்ஜெயிலுக்கும் மேலதிகாரியாக இருந்தார். நிர்வாகமும் நீதியும் ஒரே கையில் இருந்தது பெருங்குற்றம். அவற்றைப் பிரிக்க வேண்டுமென்று தேசியவாதிகள் பல்லாண்டு வாதாடியது முற்றும் நியாயம். ஆயினும் அந்த ஏற்பாட்டில் தற்செயலாக ஒரு நன்மை இருந்தது. காவலில் வைக்க உத்தரவு போட்டவர் அந்தக் காவலறையைத் தினந்தோறும் கடந்து போனார். கூக்குரல் எழுந்தால் அது அவர் காதில் விழும். கட்டிடம் பழையதாகிவிட்டது, நிர்வாகமும் சிறை இலாகாவுக்கு மாறிவிட்டது. ஆனால் அந்த அண்மையின் பயனை நாம் இழக்க வேண்டியதில்லை.

உள்ளே இருப்பவர்கள் யார்? இந்திய சர்க்காரின் 2022-ம் வருஷத்துக் கணக்கைப் பார்த்தால் விளங்கும். தேச முழுவதிலும் 1,330 சிறைகளில் 4,36,266 பேருக்கே இடமுண்டு. அடைக்கப்பட்டிருந்தவர்களோ 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணை முடியாதவர்கள். அதாவது நான்கு கைதிகளில் மூவர் சட்டத்தின் கண்ணில் இன்னும் நிரபராதிகளே. நம் மாகாணத்தில் வடக்கே உள்ளதுபோன்ற இடநெருக்கடி இல்லை. அதே வருஷத்தில் தமிழ்நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களின் மொத்தத் தொகை இருக்கும் இடத்துக்கு உட்பட்டதாகவே இருந்தது. இதை மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும். நம்மிடம் குறைவது இடமன்று. நல்ல இடமும், வழக்கு நடக்கும் ஊருக்கு அருகான இடமுமே.

இந்த நிலையில் சர்க்காருக்கு முன் இருக்கும் வழிகளை ஒவ்வொன்றாக ஆராய்வோம்.

முதல் வழி, இருப்பதையே பூசி மெழுகி ஓட்டுவது. செலவு குறைவு என்று இதற்கு ஒரு நியாயம் சொல்லப்படும். ஆனால் பழைய சப்ஜெயில்களைக் கட்டியவர்களின் மனத்தில் இருந்தது ஒன்றே ஒன்று: கைதி தப்பி ஓடக்கூடாது. கனத்த சுவர், சிறிய சாளரம், பலர் சேர்ந்து படுக்கும் ஒரே அறை, இவற்றுக்குமேல் அவர்கள் யோசிக்கவில்லை. வைத்தியர் இருந்து பரீக்ஷிக்க ஓர் அறை, வக்கீல் தம் கட்சிக்காரனோடு காவலாளி காதில் விழாமல் பேச ஓர் இடம், வியாதியஸ்தனைப் பிரித்துவைக்க ஒரு கட்டில் ஆகியவை அந்தத் திட்டத்தில் இல்லை. எவ்வளவு சுண்ணாம்பு அடித்தாலும் இல்லாத அறை முளைக்காது. ஆகையால் இந்த வழி இரண்டொரு வருஷத்துக்கு ஒப்பேற்றலாமே தவிரப் பரிகாரமாகாது.

இரண்டாவது வழி, சப்ஜெயில்களை மூடிவிட்டு எல்லோரையும் சேலம் மத்தியச் சிறைக்கு அனுப்பிவிடுவது. கணக்கெழுதுகிறவர்களுக்கு இது பிடித்தமான யோசனை. காவலாளிகள் மிச்சம், சமையல் மிச்சம், நகரத்தின் நடுவே நல்ல மனை ஒன்றும் மிச்சம். ஆனால் மிச்சமாகும் செலவு மாயமாய் மறைந்துவிடுவதில்லை. அது கைதியின் குடும்பத்தின் தலையில் ஏறுகிறது. 1997-ம் வருஷம் ஜனவரி 1-ந் தேதி நாமக்கல் தனி ஜில்லாவாயிற்று. கலெக்டரைக் காணச் சேலம் போகவேண்டிய சிரமம் நம் ஜனங்களுக்கு அத்துடன் தீர்ந்தது. சிறை விஷயத்தில் மட்டும் மறுபடி சேலத்துக்கே ஓடு என்பது என்ன முறை? நாமக்கல்லிலிருந்து சேலம் 30 மைலுக்கு மேல். கொல்லிமலையில் ஒருவன் கைதானால், அவன் மனைவி எழுபது கொண்டையூசி வளைவுகளைக் கடந்து சமவெளிக்கு இறங்கி, பிறகு பஸ் மாறி அஸ்தம்பட்டி போய்ச் சேர வேண்டும். மனுக் கொடுத்து முகம் பார்க்கும் வேளைக்குள் போய்ச் சேராவிட்டால் திரும்ப வேண்டியதுதான். பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளியின் வீட்டில் ஒரு நாள் தறி நின்றால் ஒரு நாள் கூலி போயிற்று. விசாரணைக் கைதிக்குத் தண்டனை இல்லை என்று சட்டம் சொல்லுகிறது. தண்டனையை அவன் வீட்டார் அனுபவிக்கிறார்கள்.

வழக்கும் இதனால் கெடுகிறது. கைதியைக் கோர்ட்டுக்குக் கூட்டிவர ஆயுதப்படைப் போலீஸார் வேண்டும், வண்டி வேண்டும். ஏதாவது ஓர் ஊரில் திருவிழா, ஏதாவது ஒரு மந்திரியின் வருகை என்றால் காவல் கிடைப்பதில்லை; வாய்தா போடப்படும். இப்போதுதான் திரையில் முகங்காட்டும் வசதி வந்திருக்கிறதே என்பார்கள். சாதாரண வாய்தாவுக்கு அது உதவும், மறுக்கவில்லை. ஆனால் கைதியை நேரில் கண்ணால் பார்க்க வேண்டியது ஏன் என்பதை இந்த மாகாணம் மிகுந்த விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 2020-ம் வருஷம் ஜூன் மாதத்தில் சாத்தான்குளத்தில் போலீஸாரால் பிடிக்கப்பட்ட ஜெயராஜ், பென்னிக்ஸ் என்னும் தந்தையும் மகனும், காவலில் பட்ட காயங்களோடு ரிமாண்டு செய்யப்பட்டு ஏறக்குறைய 60 மைலுக்கு அப்பாலுள்ள கோவில்பட்டி சப்ஜெயிலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். மகன் 22-ந் தேதி இரவிலும் தந்தை 23-ந் தேதி அதிகாலையிலும் உயிரிழந்தார்கள். மாஜிஸ்டிரேட்டின் கண், வைத்தியரின் கை, ஜெயில் வாசலில் பதிவேடு வைத்திருப்பவரின் மனச்சாட்சி ஆகிய மூன்றும் விழித்திருந்தால்தான் மனிதன் பிழைப்பான். இம்மூன்றும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் இருந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை.

சேலம் மத்தியச் சிறைக்கும் ஒரு சரித்திரம் உண்டு. அதை நாம் மறக்கலாகாது. 1950-ம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி அதன் மதிலுக்குள் துப்பாக்கிப் பிரயோகம் நடந்து 22 கம்யூனிஸ்டுக் கைதிகள் மாண்டனர். பெரும்பாலோர் மலபாரிலிருந்து கொண்டுவரப்பட்ட விவசாயிகள். குடியரசு பிறந்து அன்றைக்குப் பதினாறு நாள்தான் ஆகியிருந்தது. அவர்களுடைய அரசியலை ஒப்புக்கொள்வதும் மறுப்பதும் வேறு விஷயம். சொந்த ஊருக்கும் உற்றாருக்கும் எட்டாத தூரத்தில் மனிதர்களைக் கூட்டமாய்ச் சேர்த்துவைத்தால், மதிலுக்குள் நடப்பது வெளியுலகுக்கு எட்டும்போது காரியம் மிஞ்சிவிடும் என்பதே அதன் பாடம்.

மூன்றாவது வழி, ஊருக்கு வெளியே விசாலமான நிலத்தில் ஜில்லா முழுவதற்கும் ஒரே பெரிய சிறை கட்டுவது. சென்னையில் 1837-ம் வருஷத்திலிருந்து இருந்துவந்த மத்தியச் சிறை 2006-ல் புழலுக்கு மாற்றப்பட்டது. 2009-ல் பழைய கட்டிடம் இடிக்கப்பட்டு மனை வைத்தியக் கல்லூரிக்குப் பயன்பட்டது. பெருநகரத்துக்கு அது பொருந்தியிருக்கலாம். தாலுகாக்கள் சிதறிக் கிடக்கும் நாட்டுப்புற ஜில்லாவுக்குப் பொருந்துமா? அமெரிக்காவில் மேற்கு வர்ஜீனியா ராஜ்யம் இந்தப் பரீக்ஷையைச் செய்து பார்த்தது. அங்கே 55 கவுண்டிகள், அதாவது நம் ஜில்லா போன்ற சிறு பிரிவுகள், தங்கள் பழைய சிறைகளை விட்டுவிட்டுப் பத்துப் பிராந்தியச் சிறைகளுக்குக் கைதிகளை அனுப்பலாயின. கட்டிடங்கள் புதியவைதான். ஆனால் கைதி ஒருவனுக்கு நாள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கவுண்டிகள் செலுத்தவேண்டிய பணம் பாக்கி விழுந்தது. காவலாளிகள் போதாமல் 2022 ஆகஸ்டில் கவர்னர் அவசர நிலையைப் பிரகடனம் செய்து தேசியக் காவற்படையைச் சிறைகளுக்கு அனுப்பும்படி நேர்ந்தது. பெரிய கட்டிடம் கட்டினால் தொல்லை தீரும் என்பவர்களுக்கு இதைவிட வேறு பதில் வேண்டியதில்லை. இன்னொன்றும் உண்டு. ஐந்நூறு பேருக்குச் சிறை கட்டினால் ஐந்நூறு பேர் வந்து சேருவார்கள். காலியான அறையைப் பார்த்துக்கொண்டிருக்க எந்த இலாகாவும் பழகவில்லை.

அப்படியானால் நமது யோசனை என்ன? பழைய கட்டிடத்தை விட்டுவிடுங்கள், சப்ஜெயிலை விட்டுவிடாதீர்கள். எங்கே கோர்ட்டு இருக்கிறதோ அதன் அருகிலேயே, விசாரணைக் கைதிகளுக்காக மட்டும், சிறிய புதிய காவலிடம் கட்டப்படட்டும். கோர்ட்டுக்குக் கால்நடையாய்க் கூட்டிவரும் தூரத்தில் அது இருந்தால் போலீஸ் வண்டியின் செலவே கட்டிடச் செலவில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துவிடும். அருகருகே உள்ள இரண்டு தாலுகாக்களுக்கு ஒன்றாக வைப்பதில் நமக்கு ஆக்ஷேபமில்லை. ஜில்லா எல்லையைத் தாண்டி அனுப்புவதில்தான் ஆக்ஷேபம். பதிவேட்டில் ஏற்றுமுன் ஒவ்வொரு கைதியையும் வைத்தியர் பரீக்ஷித்துக் காயங்களைக் குறிக்காமல் கதவு திறக்கக்கூடாது.

சிறிய சிறைக்குத் தலைக்குச் செலவு அதிகம் என்று ஆக்ஷேபிப்பார்கள். வாஸ்தவம். பத்துப் பேர் இருந்தாலும் இரவு பகல் மாற்றுக் காவல் வேண்டும். இதை நாம் மறைக்கவில்லை. ஆனால் செலவைக் குறைக்கச் சரியான இடம் கைதிகளின் எண்ணிக்கையே. அதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் அமுலில் உள்ள பாரதீய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479-வது பிரிவு, முன்பு எந்தக் குற்றத்துக்கும் தண்டிக்கப்படாதவர் உச்ச தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலத்தை விசாரணைக் காவலில் கழித்துவிட்டால் அவரைச் சொந்தப் பிணையில் விட வேண்டும் என்கிறது. மரண தண்டனைக்கும் ஆயுள் தண்டனைக்கும் உரிய குற்றங்களுக்கு இது இல்லை. அதற்கான மனுவைக் கோர்ட்டுக்கு எழுதி அனுப்புவது சிறை சூப்பரிண்டெண்டின் கடமை. ஜாமீன் உத்தரவாகியும் ஏழு நாட்களுக்குள் வெளியே வராதவரைப் பற்றிச் சட்ட உதவிக் குழுவுக்குத் தெரிவிக்க வேண்டுமென்று 2023 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டிருக்கிறது.

ஜாமீன் உத்தரவு கையிலிருந்தும் ஜாமீன்தாரர் கிடைக்காமல் உள்ளே கிடப்பவர்களை வக்கீல் தொழிலில் நாம் பல முறை பார்த்திருக்கிறோம். சொத்துப் பத்திரம் கொண்டுவா, தீர்வை ரசீது கொண்டுவா என்றால் கூலிக்காரன் எங்கே போவான்? லாரியோட்டும் வேற்று மாகாணத்தான் யாரைக் கூப்பிடுவான்? 1978-ம் வருஷத்தில் மோத்திராம் என்னும் கொத்தனாரின் வழக்கில் இதே நிலை சுப்ரீம் கோர்ட்டுக்கு வந்தது. 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டதோடு, சகோதரரின் சொத்து அடுத்த ஜில்லாவில் இருக்கிறது என்று அவருடைய ஜாமீனையும் மாஜிஸ்டிரேட் மறுத்துவிட்டார். ஜஸ்டிஸ் கிருஷ்ணய்யர் அதை வன்மையாகக் கண்டித்து, ஏழையின் சக்திக்கு ஏற்றதாகவே ஜாமீன் இருக்க வேண்டுமென்று விதித்தார். ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழிந்தும் தாலுகாக் கோர்ட்டுகளில் அந்தத் தீர்ப்பு நுழைய வழி தேடிக்கொண்டிருக்கிறது. அதை நடத்திக் காட்டினால் சப்ஜெயில்களில் பாதி இடம் தானே காலியாகும் என்பது நமது நம்பிக்கை. கட்டிடத்துக்கு டெண்டர் விடுமுன் இந்தக் காரியத்தைச் செய்து முடித்தால், எத்தனை பேருக்குக் கட்ட வேண்டும் என்ற உண்மையான கணக்கும் கிடைக்கும்.

கடைசியாக, நமது தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உத்தியோகப்பற்றற்ற பார்வையாளர்களைச் சிறைகளுக்கு நியமிக்க விதிகளில் இடமுண்டு. சேலம் வக்கீல் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் 1921, 1922-ம் வருஷங்களில் வேலூர்ச் சிறையில் இருந்தபோது நாட்குறிப்பு எழுதினார். கோவைச் சிறையில் சிதம்பரம் பிள்ளை செக்கிழுத்தார். இவர்களைப் பற்றி மேடைதோறும் பேசுகிற நாம், நம் தாலுகாச் சப்ஜெயிலில் இன்று எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று கேட்டால் விழிக்கிறோம். ஒவ்வொரு தாலுகாவிலும் ஒரு வக்கீல், ஒரு வைத்தியர், ஒரு பெண்மணி ஆகிய மூவரைப் பார்வையாளராக நியமிக்கும்படி கலெக்டரிடம் கேளுங்கள். மாதம் ஒருமுறை அவர்கள் உள்ளே போய் வரட்டும். யார், என்ன குற்றம், எத்தனை நாள், ஜாமீன் ஏன் இல்லை என்னும் நான்கு கேள்விகளுக்கு விடை எழுதி வரட்டும். அந்த விடைகள் கையில் இருந்தால், சப்ஜெயில்களை மூடுவதா வைப்பதா என்பதைச் சர்க்கார் நம்மைக் கேளாமல் தீர்மானிக்க முடியாது.