புகார்க் குழுவுக்குச் சாதி தெரிய வேண்டும்

நூற்பாலையில் வேலை பார்க்கும் ஒரு பெண், சூப்பர்வைசரின் தொல்லையை வெளியே சொல்வதற்கு முன் பலதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. வேலை போய்விடுமா, வீட்டுக்குத் தெரிந்தால் மறுநாள் மில் வேனில் ஏற விடுவார்களா என்பது எல்லாப் பெண்களுக்கும் உள்ள கவலை. தலித் பெண்ணுக்கு இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது. அந்த சூப்பர்வைசர் ஆதிக்கச் சாதிக்காரராக, பக்கத்து ஊர்க்காரராக இருந்துவிட்டால், புகார் ஆலையோடு நிற்காது. காலனி வரை வரும். கூலி வேலைக்கும் கைமாற்றுக் கடனுக்கும் ஊர்த்தெருவை நம்பியிருக்கும் குடும்பம், "பேசாமல் வேலையை விட்டுவிடு" என்றுதான் சொல்லும்.

இந்த மௌனத்தின் விலை என்ன என்பதைத் திண்டுக்கல் மாவட்டம் அறியும். 2021 ஜனவரியில், இங்குள்ள ஓர் ஏற்றுமதி ஆடை ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் பிணமாக மீட்கப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைது செய்யப்பட்டார். நீண்ட நாட்களாகவே அந்தப் பெண்ணுக்குத் தொல்லை இருந்தது என்று குடும்பத்தினரும் உடன் வேலை பார்த்தவர்களும் கூறினார்கள். அப்போது பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்து ஏழு ஆண்டுகள் ஆகியிருந்தன.

அந்தச் சட்டம் பிறந்த கதையிலேயே சாதி இருக்கிறது. 1992இல் ராஜஸ்தானில் குழந்தைத் திருமணத்தைத் தடுக்கும் அரசுப் பணியில் இருந்த பன்வாரி தேவி கூட்டு வன்புணர்ச்சிக்கு ஆளாக்கப்பட்டார். அவர் குயவர் சமூகத்தைச் சேர்ந்தவர். குற்றம்சாட்டப்பட்டவர்கள் அந்த ஊரில் செல்வாக்குள்ள சாதியினர். 1995இல் கீழமை நீதிமன்றம் அவர்களை வன்புணர்ச்சிக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. அந்தக் கொடுமையைத் தொடர்ந்து பெண்கள் அமைப்புகள் தொடுத்த வழக்கில்தான் 1997இல் உச்ச நீதிமன்றம் விசாகா நெறிமுறைகளை வகுத்தது. அதிலிருந்து 2013இல் சட்டம் வந்தது. ஆனால், சட்டப் புத்தகத்துக்கு வரும்போது சாதி ஏறக்குறைய காணாமல் போய்விட்டது.

பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் ஒவ்வோர் இடத்திலும் உள்ளகப் புகார் குழு இருக்க வேண்டும். தலைவர் பெண்ணாக இருக்க வேண்டும். உறுப்பினர்களில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து ஓர் உறுப்பினர் வேண்டும். எல்லாம் சரி. அந்தக் குழுவில் ஒரு தலித் பெண்ணாவது இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் மட்டும், பட்டியல் சாதி அல்லது பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்டோர் அல்லது சிறுபான்மையினர் என நால்வகையிலும் சேர்த்து ஒரு பெண் இருந்தால் போதும் என்கிறது. தொழிலாளர்களில் பெரும்பாலோர் காலனியிலிருந்து வர, விசாரிக்கும் குழுவில் ஒருவர்கூட அங்கிருந்து வராத நிலை சட்டப்படியே சாத்தியம். அந்தக் குழுவின் முன் நின்று, "என் சாதியைச் சொல்லித்தான் அவர் கையைப் பிடித்தார்" என்று ஒரு பெண் எப்படிச் சொல்வார்?

இந்தக் குறையை இட்டு நிரப்ப இன்னொரு சட்டம் கையில் இருக்கிறது. பட்டியல் சாதிப் பெண்ணைப் பாலியல் நோக்கத்துடன் அவர் விருப்பமின்றித் தொடுவதும், அவ்வகையில் பேசுவதும் சைகை காட்டுவதும் 2015 திருத்தத்துக்குப் பின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி குற்றம். செய்தவர் பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவராக, அவர் இன்ன சாதி என்று தெரிந்தே செய்திருக்க வேண்டும். "சாதி தெரியாது" என்று எளிதில் தப்பிக்கவும் முடியாது. பெண்ணையோ குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் என்றால் சாதியும் தெரியும் என்றே நீதிமன்றம் கொள்ளும். ஆலைக் குழுவில் புகார் கொடுத்ததால் பி.சி.ஆர். வழக்குக் கொடுக்க முடியாது என்பது பொய். இரண்டும் தனித்தனி வழிகள். காவல் துறையில் புகார் கொடுக்க விரும்பும் பெண்ணுக்கு உதவுவது நிர்வாகத்தின் சட்டக் கடமை.

தொழிலாளர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை இன்னும் சில. ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர், தினக்கூலி, வீட்டு வேலை செய்பவர் எல்லோருக்கும் இந்தச் சட்டம் உண்டு. நிர்வாகம் அனுப்பும் வேனும் பணியிடம்தான். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தர வேண்டும்; தக்க காரணம் இருந்தால் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். எழுதத் தெரியாதவருக்குக் குழுவே எழுத உதவ வேண்டும். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். அதுவரை வேறு பிரிவுக்கு மாற்றவோ விடுப்புத் தரவோ கேட்கலாம். பெண் கேட்டாலொழியச் சமரசம் பேசக் கூடாது. பணம் கொடுத்து முடிக்கவும் கூடாது. நிரூபிக்க முடியவில்லை என்பதற்காகப் பொய்ப் புகார் என்று தண்டிக்க முடியாது. பத்துப் பேருக்குக் குறைந்த இடம் என்றாலோ, முதலாளி மீதே புகார் என்றாலோ மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். மகளிர் உதவிக்கு 181, வன்கொடுமை உதவிக்கு 14566 என்ற எண்களை அழைக்கலாம்.

சட்டம் விட்ட இடத்தைத் தொழிலாளர்களே நிரப்பிக் காட்டியதும் இதே மாவட்டத்தில்தான். 2021 கொலைக்குப் பின், தலித் பெண்கள் முன்னின்று நடத்தும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்டு காமன் லேபர் யூனியன், ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்துடனும் அதனிடம் துணி வாங்கும் எச் அண்ட் எம் நிறுவனத்துடனும் 2022இல் செய்துகொண்டது திண்டுக்கல் ஒப்பந்தம். பாலினத்தின் பெயரால் நடக்கும் வன்முறையோடு சாதியின் பெயரால் நடப்பதையும் அது சேர்த்தே பேசுகிறது. தையல் வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்களே பயிற்சி பெற்றுக் கண்காணிப்பாளர் ஆகிறார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் வாங்குபவர் வியாபாரத்தைக் குறைக்கலாம் என்பதால் நிர்வாகமும் அலட்சியமாக இருக்க முடியாது. பக்கத்து மிஷினில் இருக்கும் அக்காவிடம் சொல்வதற்கும், குளிரூட்டிய அறையில் நாலு பேர் முன் சொல்வதற்கும் உள்ள வேறுபாட்டை இந்த ஏற்பாடு புரிந்துகொண்டிருக்கிறது.

ஏற்றுமதி ஆலையில் முடிந்தது உள்ளூர் நூற்பாலையிலும், தோல் ஷாப்பிலும், தூய்மைப் பணி ஒப்பந்தத்திலும் முடியாதா? பணியிடம்தோறும் புகார் குழு இருக்கிறதா என்று மாவட்டம் மாவட்டமாகக் கணக்கெடுக்கச் சொல்லி 2024 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்தக் கணக்கெடுப்பில், குழுவில் எத்தனை தலித் பெண்கள் என்ற ஒரு கேள்வியையும் சேர்க்க மாவட்ட ஆட்சியருக்குத் தடை ஏதும் இல்லை. குழு உறுப்பினர் பெயர்களும் தொலைபேசி எண்களும் ஆலை வாசலிலும் வேனிலும் தமிழில் எழுதப்பட வேண்டும். குழு அமைக்காத நிர்வாகத்துக்குச் சட்டம் சொல்லும் 50,000 ரூபாய் வரையிலான அபராதத்தை விதித்துக் காட்ட வேண்டும். பட்டியல் சாதிப் பெண்ணின் புகார் வந்தால், வன்கொடுமைச் சட்டப்படி அவருக்குள்ள உரிமையை அன்றே எழுத்தில் தெரிவிக்கக் குழுக்களுக்கு உத்தரவிட வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதுச் சட்டம் வேண்டியதில்லை. இன்னொரு பெண்ணின் சாவுக்காகக் காத்திருக்க வேண்டியதும் இல்லை.