பாலத்துக்கு அப்பால் ஒரு மதில்

வாவியின் மேல் பாலம் எழுந்தால் ஊர் முன்னேறிவிட்டது என்று மகிழ்வது மட்டக்களப்பில் வழக்கமாகிவிட்டது. 1924இல் கல்லடியில் லேடி மானிங் பாலம்; 2013இல் அதன் அருகே புதிய பாலம்; 2014இல் மண்முனைத் துறையிலும் ஒன்று. படுவான்கரை உழவன் மிதவைக்குக் காத்துக்கிடந்த துன்பம் தீர்ந்ததை மறுப்பார் இலர்.

ஆனால், பாலம் கடந்தவன் பின் எவ்வழி நடக்கிறான்?

நகரின் ஓரங்களில் தென்னந்தோட்டங்கள் காணித் துண்டுகளாகின்றன. விற்பவர் நடுவே ஓர் ஒழுங்கை வெட்டுகிறார்; இறுதியில் ஒரு மதில். அடுத்த தோட்டக்காரரும் அவ்வாறே செய்கிறார். மதிலுக்கு இப்பால் தாளிக்கும் மணம் அப்பால் வீட்டுக்கு எட்டும். ஆள் போவதென்றாலோ பெருவீதிவரை வந்து சுற்றவேண்டும். மோட்டார் உடையவனுக்கு இஃது ஒரு பொருட்டல்ல. மீன்கூடை சுமப்பவளையும் பள்ளிப் பிள்ளையையும் கேளுங்கள்!

எழுவான்கரையோ கடலுக்கும் வாவிக்கும் இடையே கிடக்கும் ஒடுங்கிய மணல்நிலம். கல்லடி, காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி யாவும் ஒரே கல்முனை வீதியை நம்பி வாழ்வன. 2004 டிசம்பர் 26இல் கடல் பொங்கியபோது நாவலடி மக்களுக்கு ஒருபுறம் அலை, மறுபுறம் வாவி. இத்தகைய நிலத்தில் குறுக்குவழி என்பது சௌகரியம் அன்று, உயிர்.

“நகரம் பெருத்தால் அப்படித்தான்” என்று தத்துவம் பேசுவோர் உளர். பாரிங்டன்-லீ, மில்லார்ட்-பால் என்னும் ஆய்வாளர் இருவர் உலகத்து வீதிகளை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட முடிவு, 1975க்குப்பின் உலகின் பல பகுதிகளில் புது வீதிகள் ஒன்றோடொன்று இணைவது குறைந்துவருகிறது என்பதே. எனினும் முட்டுச்சந்துகளுக்குப் பேர்போன அமெரிக்காவிலேயே 1990களின் நடுப்பகுதியில் அப்போக்குத் திரும்பத் தொடங்கியது என்றும் அவர்களே முன்னர்க் கண்டிருந்தனர். ஆகவே இது விதியன்று. வரைபடத்தில் கையொப்பமிடுவோரின் செயல்.

“என் காணி, என் மதில்” என்பது இன்னொரு வாதம். காணி விற்றவர் பணத்தோடு போய்விடுவார். ஒழுங்கை நிலைத்து நிற்கும். வீட்டை இடித்துக் கட்டலாம். நூறு பேர் குடியேறிய பின் வீதியை யார் திருப்பி வரைவது?

காணிப் பிரிப்புக்கு அனுமதி வழங்கும் சபைகள் ஒழுங்கையின் அகலத்தை அளப்பதோடு அமையாது, அதன் மறுமுனை எதைத் தொடுகிறது என்றும் கேட்கட்டும். எதையும் தொடாத வரைபடத்தைத் திருப்பி அனுப்பட்டும். மண்முனைப் பாலத்துக்கு மேற்கே வயல் வயலாகவே இருக்கும்போதே இதைச் செய்வது எளிது. செலவும் ஒரு கோடு வரையும் செலவே.