புளிக்கு ஏலம் உண்டு, நிழலுக்குக் கணக்கில்லை

நெடுஞ்சாலை ஓரத்துப் புளியமரங்களின் அடித்தூரில் வெள்ளைப் பட்டையடித்து, அதன்மேல் கறுப்பில் எண் எழுதியிருப்பதைப் பார்க்காதவர் இல்லை. ஆண்டுதோறும் புளி மகசூலை ஏலம் விட வேண்டும், அதற்கு எத்தனை மரம் என்று தெரிய வேண்டும், அதனால் எண். காய்க்கும் மரத்தை எண்ணி, பதிவேட்டில் ஏற்றி, ஒன்று குறைந்தால் கேள்வி கேட்கும் பழக்கம் நம் நிர்வாகத்துக்குப் புதிதல்ல. அதே சாலையில் நிழலுக்காக நட்ட புங்கனுக்கோ பூவரசுக்கோ பெரும்பாலும் அந்த எண் கிடைப்பதில்லை. சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோவிலுக்கும் இடையே உள்ள குமராட்சி போன்ற ஓர் ஒன்றியத் தலைமையூரில் பொது மரங்களின் குறை, நடுவதில் அல்ல, இந்தக் கணக்கில்தான் இருக்கிறது என்பது என் வாதம்.

நடுவதில் நமக்குக் குறைச்சலே இல்லை. தமிழ்நாட்டின் பசுமைப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்தும் இலக்கோடு 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கப்பட்டது. அதற்கு முன்பும் சுற்றுச்சூழல் நாளான ஜூன் 5 வந்தால் கன்று, குழி, புகைப்படம் எல்லாம் தவறாமல் நடந்தன. ஆனால் குமராட்சி இருக்கும் கடலூர் மாவட்டத்துக்குப் பெருமழை வடகிழக்குப் பருவத்தில், ஐப்பசி கார்த்திகையில் வருகிறது. ஜூன் முதல் வாரம் வைத்த ஓரடிக் கன்றுக்கு நான்கு மாதம் குடத்தில் தண்ணீர் சுமக்க வேண்டும். சுமக்க ஆள் இல்லை. ஆடிக் காற்றில் இலை கருகி, மிச்சத்தை ஆடு கடித்து, துருப்பிடித்த கூண்டு மட்டும் நிற்கிறது. மறு ஆண்டு அதே குழியில் வேறொரு கன்று. நட்ட கணக்கில் இரண்டு, நிற்கும் கணக்கில் சைபர்.

சரி, மழைக்காலத்தில் வைத்தால் போதுமா என்றால் குமராட்சிப் பக்கம் அதுவும் அவ்வளவு எளிதல்ல. இது கொள்ளிடக் கரையின் களிமண் பூமி. வீராணம் ஏரி நிரம்பி வெள்ளியங்கால் ஓடையில் உபரி நீர் திறந்தால் இப்பகுதிக் கிராமங்கள் பலவற்றில் வயலும் தெருவும் நாள்கணக்கில் நீரில் நிற்கும். வேர் பிடிக்காத கன்று அதில் அழுகும். எனவே ஆவணி, புரட்டாசியில், சுற்றிலும் மண் அணைத்து மேடு கட்டி நட வேண்டும். எதை நடுவது என்பதும் இங்கேதான் தீர்மானமாகிறது. எல்லாருக்கும் பிடித்த வேம்பு நீர் தேங்கினால் தாங்காது. ஆற்றங்கரையில் தானாகவே வளரும் நீர்மருது தாங்கும். புங்கன், நாவல், பூவரசு தாங்கும். சீக்கிரம் பச்சை காட்டுகிறதே என்று ஊரெல்லாம் வைத்த கோனோகார்பஸுக்கு 2025இல் அரசே தடை போட வேண்டியதாயிற்று. (ஊர்ப்பற்றில் யாரும் தில்லை மரத்தைத் தெருவில் வைத்துவிட வேண்டாம். சிதம்பரத்துக்குப் பெயர் தந்த மரம்தான், ஆனால் அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிச்சாவரம் உப்பங்கழியே அதற்கு ஏற்ற இடம்.)

புயல் மாவட்டத்தில் சாலையோரம் மரம் வளர்ப்பது வம்பை விலைக்கு வாங்குவது என்பார்கள். தள்ளிவிடக்கூடிய வாதம் அல்ல. 2011 டிசம்பர் 30 காலையில் கரை கடந்த தானே புயல், பண்ருட்டிப் பக்கத்துப் பலாவையும் முந்திரியையும் வேரோடு சாய்த்ததை இம்மாவட்டம் மறந்துவிடவில்லை. ஆனால் தெருமரம் விழுவதில் காற்றுக்கு மட்டும் பங்கில்லை. கழிவுநீர் வாய்க்கால் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டுகிறோம். மின்கம்பிக்காக மறுபக்கக் கிளைகளை மொட்டையடிக்கிறோம். தூரைச் சுற்றி மிச்சமிருக்கும் மண்ணையும் சிமென்ட் கல் பதித்து மூடுகிறோம். ஒரு பக்கம் பாரம், மறுபக்கம் பிடிமானம் இல்லை என்றான மரம் நடுத்தரக் காற்றுக்கே சாயும். டெல்லியில் மரத்தைச் சுற்றி ஒரு மீட்டருக்குள் உள்ள கான்கிரீட்டை அகற்றச் சொல்லி தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2013இலேயே உத்தரவிட்டது. ஒரு மீட்டர் மண் விடுவதற்குத் தீர்ப்பாயம் வரை போக வேண்டியதில்லை, கல் பதிக்கும் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்தால் ஆகும். மின்கம்பிக்குக் கீழே உயர மரம் வைக்காமலிருப்பதற்கு அந்த ஒரு வரியும் தேவையில்லை.

ஊராட்சிக்கு ஆளும் இல்லை, பணமும் இல்லை என்ற மறுப்பு இதைவிட வலுவானது. குடிநீர்த் தொட்டியும் தெருவிளக்கும் காத்திருக்கும்போது மரத்துக்குத் தனி ஆள் கேட்பது நியாயமாகாது. ஆனால் செலவாகும் பணத்தின் முறையை மாற்றலாம். ஆயிரம் கன்று வைக்கும் காசில் இருநூறு வைத்து, மீதியை மூன்று ஆண்டுத் தண்ணீருக்கும் காவலுக்கும் ஒதுக்கலாம். கூலியைக் குழிக்குக் கொடுக்காமல், ஆறு மாதத்துக்கு ஒருமுறை எண்ணிப் பார்த்து, உயிரோடிருக்கும் கன்றுக்குக் கொடுக்கலாம். ஊரிலுள்ள மகளிர் குழுக்களுக்கு இந்தக் கணக்கு வைப்பது கடினமே இல்லை. ஆயிரம் என்ற எண் அறிக்கையில் அழகாக இருக்கும் என்பது உண்மைதான்.

சாலையை அகலப்படுத்தினால் எப்படியும் எல்லாம் போகத்தானே போகிறது என்பதும் காதில் விழுகிறது. அதற்காகவே கணக்கு அவசியம். பொது நிலத்தில் மரம் வெட்டுவதற்கு முன் பரிசீலிக்க, ஆட்சியர் தலைமையில் மாவட்டப் பசுமைக் குழு இருக்கிறது. ஒன்றுக்குப் பத்துக் கன்று என்று நிபந்தனை போடுவதும் வழக்கம். பதிவேட்டில் இல்லாத மரத்துக்கு அந்தப் பத்தை யார் கேட்பது? கேட்டு வாங்கி நட்ட பிறகும், அவற்றில் எத்தனை மூன்றாம் ஆண்டைத் தாண்டின என்று எதை வைத்துச் சொல்வது?

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. வரவு செலவு வாசிக்கும் இடத்தில் மரப் பதிவேட்டையும் வாசிக்கட்டும்: எண், வகை, நட்ட மாதம், பார்த்துக்கொள்பவர், இருக்கிறதா இல்லையா. கடைவீதி, பள்ளி, வாய்க்கால் கரை, சுடுகாட்டுப் பாதை என்று குமராட்சியின் பொது மரங்களை எண்ணி முடிக்க ஒரு வாரமும், சில டப்பா வெள்ளைப் பெயின்டும் போதும். எண்ணும்போதே தண்டில் அடித்த விளம்பர ஆணிகளையும், தூரை இறுக்கும் பழைய கூண்டுக் கம்பியையும் பிடுங்கிவிடலாம்.