ஜூல் எண்ணைப் பார்த்து ஏமாறாதீர்கள்

அமெரிக்காவில் கேம்பர் வண்டி வாங்கும் நம் பிள்ளைகள் வண்டிக்கு வாரி இறைக்கிறார்கள். முகாம் மைதானத்து மின்கம்பத்துக்கும் வண்டிக்கும் நடுவே மாட்டும் கருவி என்றதும் கை சுருங்கிவிடுகிறது. 'சர்ஜ்' என்று அச்சடித்திருந்தால் போதுமாம்! "குமாஸ்தாவுக்கு மின்சாரம் எதுக்குப்பா?" என்கிறான் என் மகன். ஆம்பியர் என்பதே ஒரு பிரெஞ்சுக்காரரின் பெயர். பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எனக்குப் பேச உரிமையுண்டு.

சாதாரண சர்ஜ் புரொடெக்டர், மின்னல் போன்றவற்றால் கண நேரம் பாயும் உயர் மின்னழுத்தத்தை மட்டுமே தாங்கும். பெட்டியில் உள்ள ஜூல் எண்ணும் அதற்குத்தான். கோடை மதியத்தில் எல்லா வண்டியிலும் ஏசி ஓடி, 120 வோல்ட் 100க்கு இறங்கினால் அது வேடிக்கை பார்க்கும். கருகுவது ஏசி கம்ப்ரசர்.

30 ஆம்பியர் இணைப்பில் 120 வோல்ட் லைன் ஒன்று. 50 ஆம்பியரில் இரண்டு, அவற்றுக்கிடையே 240. அங்கே நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு லைனில் 200ஐயும் தாண்டலாம். நம்மூரில் நியூட்ரல் கட்டானால் டிவி புகையுமே, அதே கதை. எர்த் இல்லாத கம்பமோ இன்னும் மோசம். வண்டிக்குள் கசிவு இருந்தால் தகரத்திலேயே மின்சாரம் நிற்கும். கதவைத் தொடுவது பேரப்பிள்ளை.

இ.எம்.எஸ். என்ற கருவி முதலில் வயரிங்கைச் சோதிக்கும். மின்னழுத்தம் 104க்குக் கீழே போனாலும் 132ஐத் தாண்டினாலும் பொதுவாகத் துண்டித்துவிடும். உங்கள் வண்டியின் ஆம்பியருக்கு ஏற்றதாக அதையே வாங்குங்கள். விலை அதிகம்தான். ஏசியின் விலையையும் கேட்டுப் பாருங்கள்.