திங்கட்கிழமை இன்டர்வியூ... 60 நாளுக்கு முன்னாடியே டிக்கெட்! - சென்னைக்கு ரயிலேறும் முன் இதைப் படிங்க

வெள்ளிக்கிழமை மதியம் உங்களுக்கு ஒரு மெயில் வருது. 'திங்கள் காலை 10 மணிக்கு கிண்டியில் நேர்காணல்.' நீங்க இருப்பது மதுரையிலோ, நெல்லையிலோ. சந்தோஷத்தில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே போனில் ரயில் டிக்கெட் தேடுறீங்க. பாண்டியன் வெயிட்டிங் லிஸ்ட், நெல்லை வெயிட்டிங் லிஸ்ட், முத்துநகரும் வெயிட்டிங் லிஸ்ட். வேலை கிடைக்குமா என்ற கவலைக்கு முன்னாடி, சென்னை போய்ச் சேருவோமா என்ற கவலை வந்துடுது!

ஏன் இப்படி? ரயில் பயணம் கசந்துபோச்சா என்றால், நிச்சயமா இல்லை.

இன்னமும் ரயில்தான் கெத்து!

சுமார் 500 கிலோமீட்டர் தூரத்தை, கால் நீட்டிப் படுத்துக்கொண்டே கடக்க வேறு எந்த வண்டியிலும் இவ்வளவு குறைந்த செலவில் முடியாது. இட்லிக்குப் பொடி தடவி வாழையிலையில் கட்டிக் கொடுத்திருப்பாங்க. திண்டுக்கல் தாண்டுவதற்குள் பக்கத்து சீட்காரர் ஊர், பேர் எல்லாம் விசாரிச்சிருப்பார். பகலில் வைகையில் போனால் மணப்பாறை முறுக்கு, திருச்சி தாண்டியதும் கொள்ளிடம் பாலம். இரவு ரயில் என்றால், விடியும்போது செங்கல்பட்டில் ஜன்னல் ஓரம் கொளவாய் ஏரி. அதைப் பார்த்ததும் 'சென்னை வந்தாச்சு'ன்னு மனசு சொல்லும்.

இன்னொரு முக்கியமான லாபமும் இருக்கு. தென்மாவட்ட அரசுப் பேருந்துகளுக்கு இப்போது கிளாம்பாக்கம்தான் கடைசி நிறுத்தம். அங்கிருந்து நகரத்துக்குள் போக இன்னொரு வண்டி பிடிக்கணும். ரயிலோ உங்களைத் தாம்பரத்திலோ எழும்பூரிலோ, மின்சார ரயிலுக்குப் பக்கத்திலேயே இறக்கிவிடுது.

கட்டணமும் பெரிய பிரச்னை இல்லை. 2025 ஜூலையில் ஏ.சி அல்லாத மெயில், எக்ஸ்பிரஸ் ரயில்களில் கிலோமீட்டருக்கு 1 பைசா ஏறியது. 500 கிலோமீட்டருக்குக் கணக்குப் போட்டால் 5 ரூபாய். ஒரு டீக்கே பத்தாது! பண்டிகை நாளில் ஆம்னி பஸ் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் இதெல்லாம் ஒன்றுமே இல்லை.

பிரச்னை சீட்டில்தான் இருக்கு.

ரூல்ஸ் மாறிடுச்சு... கவனிச்சீங்களா?

முன்பு 120 நாள்களுக்கு முன்னாடியே முன்பதிவு செய்யலாம். 2024 நவம்பர் 1 முதல் அது 60 நாளாகக் குறைந்தது. 2025 ஜூலை 1 முதல், ஆதாரை இணைத்துச் சரிபார்த்த கணக்கு இருந்தால்தான் ஆன்லைனில் தட்கல் எடுக்க முடியும். ஜூலை 15 முதல் ஆதார் எண்ணோடு பதிவான போனுக்கு ஓ.டி.பி வரும். ஏ.சி தட்கல் காலை 10 மணி, ஏ.சி அல்லாத தட்கல் 11 மணி. இரண்டிலுமே முதல் அரை மணி நேரம் ஏஜென்ட்டுகளுக்கு அனுமதி கிடையாது. 2025 அக்டோபரில், வழக்கமான முன்பதிவு தொடங்கும் நாளிலும் முதல் 15 நிமிடங்கள் ஆதார் சரிபார்த்தவர்களுக்கு மட்டும் என்றானது.

நோக்கம் நல்லதுதான். மொத்தமாக டிக்கெட்டை அள்ளும் ஏஜென்ட்டுகளுக்கும், கள்ள சாஃப்ட்வேர்களுக்கும் இது கடிவாளம். ஆனால், மறுபக்கமும் இருக்கு. வேகமான இன்டர்நெட், சரிபார்த்த ஆதார், கையில் அதே போன் நம்பர் எல்லாம் இருக்கிறவங்களுக்கே கதவு திறக்குது. ஆதாரில் இருக்கும் பழைய நம்பரை எப்போதோ தொலைத்துவிட்ட உங்க அப்பாவுக்கு ஆன்லைனில் தட்கல் கிடைப்பது சிரமம். ஏன்னா, ஓ.டி.பி அந்தப் பழைய நம்பருக்குத்தான் போகும்.

இன்னும் பெரிய கேள்வி ஒன்று. எந்த கம்பெனி 60 நாளுக்கு முன்னாடி இன்டர்வியூ தேதி சொல்லுது? மருத்துவமனைக்கோ, துக்க வீட்டுக்கோ போகிறவர் எப்படித் திட்டமிடுவார்? பொங்கலுக்கு ஊர் போகிறவர் முன்கூட்டியே டிக்கெட் எடுத்துடலாம். அவசரத்துக்குப் போகிறவருக்குத்தான் ரயில் ரொம்பத் தேவை. கடைசியில் பொதுப் பெட்டியின் கதவோரம் நின்னுகிட்டுப் போவதும் அவர்தான்.

வந்தே பாரத் இருக்கேன்னு கேட்கலாம். 2023 செப்டம்பரில் நெல்லைக்கும், 2024 ஆகஸ்ட்டில் நாகர்கோவிலுக்கும் வந்தது. வேகம், சுத்தம், சொகுசு எல்லாமே உண்மை. ஆனால், அது பகலில் ஓடும் ஏ.சி சேர் கார். ஸ்லீப்பர் டிக்கெட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல் கட்டணம். பொதுப் பெட்டியே கிடையாது. வேலை தேடிப் போகிறவரின் பர்ஸுக்கு அது ஒத்துவராது.

அப்போ என்னதான் செய்யலாம்?

* ஆதாரை இன்றே இணைச்சிடுங்க. அவசரம் வரும் நாளில் இதற்கு நேரம் இருக்காது. வீட்டில் பெரியவங்க நம்பரையும் ஆதாரில் அப்டேட் பண்ணிடுங்க.

* தேதியில் உஷார்! நள்ளிரவு 12.15-க்குத் திருச்சியில் ஏறுறீங்கன்னா, உங்க டிக்கெட்டில் திங்கட்கிழமை தேதி இருக்கும். ஆனால், ஞாயிறு இரவே ஸ்டேஷனில் இருக்கணும். தட்கல் கணக்கு, ரயில் புறப்படும் ஊரின் தேதியை வெச்சுத்தான். அதற்கு முந்தைய நாளே, அதாவது சனிக்கிழமையே எடுத்தாகணும்.

* ஆர்.ஏ.சி கிடைத்தால் விடாதீங்க. பாதி சீட்தான், ஆனால் தாராளமா ஏறலாம். வெயிட்டிங் லிஸ்ட் இ-டிக்கெட், சார்ட் போட்ட பிறகும் உறுதியாகலைன்னா தானாகவே ரத்தாகிடும். அதோடு ஏறினால் டிக்கெட் இல்லாத பயணம்தான், அபராதம் உண்டு. கன்ஃபார்ம் ஆன தட்கலை ரத்து செய்தால் பணம் திரும்ப வராது என்பதையும் ஞாபகம் வெச்சுக்கோங்க.

* பகல் ரயிலை யோசிங்க. மதுரையிலிருந்து வைகை, காரைக்குடியிலிருந்து பல்லவன். ஒருநாள் முன்னாடியே போய் நண்பர் ரூமில் தங்கினால், தூக்கம் கெடாமல் இன்டர்வியூ போகலாம்.

* எதுவுமே கிடைக்கலையா? நாகர்கோவில் - தாம்பரம் அந்த்யோதயா முழுக்கவே முன்பதிவில்லா ரயில். கூட்டம் இருக்கும், ஆனால் ரயில் முழுக்க பொதுப் பெட்டிதான். ஏறும் ஊரில் முன்னாடியே போய் நிற்பது நல்லது.

* இறங்கும் இடத்தை முன்னாடியே முடிவு பண்ணுங்க. கிண்டிக்கோ, ஓ.எம்.ஆருக்கோ போகிறவங்க எழும்பூர் வரை போகத் தேவையில்லை. தாம்பரத்தில் இறங்கினால் கிண்டிக்கு மின்சார ரயில், சோழிங்கநல்லூர் பக்கம் பஸ். எழும்பூரில் மறுசீரமைப்புப் பணி நடப்பதால் சில ரயில்கள் தாம்பரத்தோடு நின்றதும் உண்டு. டிக்கெட்டில் ஸ்டேஷன் பெயரை ஒருமுறை பார்த்துடுங்க.

* தனியாகப் போகும் பெண்கள் 139-ஐ போனில் சேவ் பண்ணிக்கோங்க. பாதுகாப்புப் புகாருக்கும் அதே எண்தான்.

கேட்க வேண்டிய கேள்வி

இதெல்லாம் நம்ம சாமர்த்தியம். ஆனால், சாமர்த்தியம் இருந்தால் மட்டுமே ஏற முடிகிற வண்டியாக ரயில் ஆகிடக் கூடாது. கன்னியாகுமரி வரை இரட்டைப் பாதை போட்டாச்சு. மின்மயமும் ஆகிடுச்சு. அந்தப் பாதையில் இன்னும் ஒன்றிரண்டு இரவு ரயில்களும், கூடுதல் ஸ்லீப்பர், பொதுப் பெட்டிகளும் ஓடினால்தான், போட்ட பாதையின் பலன் எல்லோருக்கும் போய்ச் சேரும். ஏஜென்ட்டைத் தடுத்ததால் வரிசை நேர்மையாகலாம். வரிசை சின்னதாகணும்னா சீட் கூடணும்.

அதுவரை, அலாரத்தை 10.55-க்கு வெச்சுக்கோங்க. ஓ.டி.பி சீக்கிரம் வரட்டும். இன்டர்வியூவுக்கு வாழ்த்துகள்!